பட்டியலில் இல்லாத பெயர்

போன புதன்கிழமை காலை எதிர் வீட்டுக்காரர் என்னை மடக்கிவிட்டார்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு. விசாரணையிலிருந்து இல்லை. நான் ஒரு கையில் குடை, மறு கையில் டிபன் பாக்ஸ், கக்கத்தில் ஒரு ஃபைல் என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை நோக்கி விரைந்துகொண்டிருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா சார்... இன்னைக்கும் வாய்தாவா?"

"ஆமா சார்."

"மாசத்துல ரெண்டு புதன்கெழம. நானும் பாத்துக்கினுதான் இருக்கறேன். நெலத் தகராறா?"

"எனக்கு ஏது சார் நெலம்? மூணு பூந்தொட்டி இருக்கு. அதுல ஒண்ணு ஒடஞ்சது."

குரலைத் தாழ்த்தினார். "அப்ப வீட்ல... உங்களுக்கும் அம்மாவுக்கும்...?"

எனக்கும் என் மனைவிக்கும் இருபத்திரண்டு வருஷமாக நடக்கிற வழக்கு இன்னும் எந்தக் கோர்ட்டிலும் தாக்கலாகவில்லை என்று உறுதி கூறிவிட்டு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். அவர் சந்தேகத்தைத்தான் தீர்க்க முடியவில்லை.

இந்த வாரப் பத்தியைப் படிக்கிறவர்களிலும் இரண்டு பேர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள் — விழுப்புரம் கோர்ட் வளாகத்தில் உங்களைப் பார்த்தோமே, ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று. அன்புக்கு நன்றி. பிரச்சினை இருந்தது. என்னால்தான் இருந்தது. சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன், ஊர்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். அது ரெஜினா மேடம் போட்ட நிபந்தனை.

ரெஜினா மேடம் யார்? திண்டிவனத்தில் டெலிபோன் ஆபரேட்டர். மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் வையும் வசவையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு "லைன்ல இருங்க" என்று சொல்லும் குரல்களில் ஒன்று. நாற்பது வயது இருக்கும். காதில் ஹெட்போன் மாட்டி மாட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்தே கேட்பார்.

டெலிபோன் ஆபரேட்டர்களைக் கிண்டல் செய்து முன்பு இங்கே ஒரு வாரம் எழுதியிருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மனைவியை முன்னால் அனுப்பினேன்.

"எக்ஸ்சேஞ்சுல எல்லாரும் படிச்சோம் சார். நல்லாத்தான் சிரிச்சோம்" என்றார். "இவ்ளோ எழுதறீங்களே... கொழந்தைங்களுக்காக ஒரு ரிப்போர்ட் எழுதித் தர முடியுமா?"

அப்படித்தான் மாட்டினேன்.

விஷயம் இதுதான். அடித்தார்கள், சூடு வைத்தார்கள், சோறு போடவில்லை, தெருவில் விட்டுவிட்டார்கள் என்று மீட்கப்படும் குழந்தைகளின் வழக்கை ஒரு மாஜிஸ்திரேட் தனியாக விசாரிக்கிறார். குழந்தை யாரிடம் போகவேண்டும் என்று அவர் முடிவு செய்யவேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்க ஓர் அதிகாரி உண்டு. ஒரே ஓர் அதிகாரி. அவருக்கு ஜீப் இல்லை, ஆனால் மாவட்டம் இருக்கிறது. அதனால் மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு நான்கைந்து பேர் உதவிக்குப் போகிறார்கள். கறுப்புக் கோட்டு கிடையாது. சம்பளம் கிடையாது. குழந்தையைப் போய்ப் பார்ப்பார்கள், வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள், வந்து கோர்ட்டில் குழந்தைக்காகப் பேசுவார்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் வக்கீல் இருக்கிறார். குழந்தைக்கு இவர்கள்தான்.

இந்த ஏற்பாட்டில் ரெஜினா மேடம் ஐந்து வருஷமாக இருக்கிறார். புதன்கிழமை லீவு கிடைப்பதற்காக, மற்றவர்கள் வேண்டாம் என்கிற ஷிஃப்டையெல்லாம் வாங்கிக்கொள்கிறார். நான் ஐந்து மாதமாக இருக்கிறேன். புதன்கிழமை அரை நாள் லீவு எழுதும்போதெல்லாம் ஏதோ தியாகம் செய்கிற முகத்தோடு எழுதுகிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் குழந்தை செல்வி. ஒன்பது வயது. அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. கூட்டேரிப்பட்டு ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் சித்தப்பா வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால் — டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். விழுப்புரம் பஸ் கண்டக்டர் ஒருவர் ட்ரிப்புக்கு ஒருமுறை அங்கே டீ குடிப்பவர். டம்ளரை நீட்டிய கையில் வரிசையாகக் கரண்டிக் காம்பால் சுட்ட தழும்பைப் பார்த்திருக்கிறார். மறு ட்ரிப்பில் புதிதாக ஒன்று. பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகள் கத்தக் கத்த, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இந்த ஊர் கண்டக்டர்களைப் பற்றியும் நான் கிண்டலாக எழுதியிருக்கிறேன். அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செல்வியை அரசு இல்லத்தில் சேர்த்தார்கள். சித்தப்பா கோர்ட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, ஊர்ப் பெரிய மனிதர் கொடுத்த கடிதம், கண்ணில் தண்ணீர். "எங்கண்ணன் ரத்தங்க. கொதிக்கற பாத்தரம் தெரியாத்தனமா பட்டுச்சுங்க" என்றார். அவரிடம் திருப்பி அனுப்பலாமா? மாஜிஸ்திரேட் வீட்டைப் பார்த்து வரச் சொன்னார். என்னை.

போனேன். முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டுப் போனேன். அதுதானே மரியாதை? ஓட்டு வீடு. பளிச்சென்று மெழுகிய தரை. ஒரு முறத்தில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வைத்தார்கள். நான்தான் காலி செய்தேன். சுவரில் ஆணியடித்து, ஒரு புது கவுனை மாட்டியிருந்தார்கள். ரோஸ் கலர், கழுத்தில் லேஸ். "எம்பொண்ணு வருவான்னு வாங்கி வச்சிருக்கறேங்க" என்றார் சித்தி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மல்லாட்டையாகவும் இருக்கலாம்.

பிறகு இல்லத்துக்குப் போய் செல்வியைப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் இருபது கேள்வி கேட்டேன். பாதிக்கு நானே பதில் சொன்னேன். மீதிக்கு அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து எழுதினேன் பாருங்கள், ஒரு ரிப்போர்ட்! பதினோரு பக்கம். கண்ணீரால் கழுவப்பட்ட குற்றம், காத்திருக்கும் கவுன், மன்னிப்பு என்கிற மகத்துவம்... படித்துவிட்டு நானே இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தாக்கல் செய்தேன். மாஜிஸ்திரேட் புரட்டிப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். அடுத்த வாய்தாவில் உத்தரவு என்றார். நான் மிதந்துகொண்டே வெளியே வந்தேன்.

கோர்ட் காம்பவுண்டில் வேப்பமரம் ஒன்று இருக்கிறது. அதனடியில் எப்போதும் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். வெளுத்துப்போன நூல் புடவை, மடியில் ஒரு துணிப் பை. குடையோடு உள்ளே போனால், வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி முறைப்பார் என்பதால், போகும்போது, "குடைய கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று அவரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். வந்து வாங்கிக்கொள்வேன். அன்றும் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ரெஜினா மேடம் என் ரிப்போர்ட்டின் கார்பன் காப்பியைப் படித்தார். பதினோரு பக்கமும். ஒரு பாராட்டு வரும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தேன்.

"கவுன் எந்த அளவு சார்?"

"அளவா? கவுன் அளவு."

"செல்விக்கு ஆகுமா?"

எனக்கு இரண்டு மகள்கள். இருவருக்கும் இன்றுவரை என்ன அளவு என்று எனக்குத் தெரியாது.

"அந்த வூட்ல அவ தட்டு எது? எங்க படுத்துப்பா?"

"அதெல்லாம் கேக்கல மேடம். மரியாதையா இருக்காதேன்னு..."

அவர் கூட்டேரிப்பட்டு வந்ததும் எழுந்து இறங்கிவிட்டார். யாருக்கும் சொல்லி அனுப்பாமல், சும்மா டீ குடிக்க. மறுநாள் என் ஆபீஸுக்கு போன் செய்தார். "கவுன பாத்தேன் சார். அவங்க சொந்தப் பொண்ணு போட்டுக்கினு வெளையாடிக்கினு இருக்குது. அஞ்சு வயசு. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குது."

கொஞ்ச நேரம் லைனில் கொரகொர சத்தம் மட்டும் கேட்டது. அது எக்ஸ்சேஞ்ச் கோளாறு இல்லை. என் தொண்டை.

"என்ன மேடம் பண்றது?"

"நீங்க எழுதினது சார். நீங்கதான் திருப்பி வாங்கணும்" என்றார். "ஆனா திருப்பி வாங்கினா மட்டும் போதுமா? அவ எங்க போவா?"

இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு ஞாயிறும் ரெஜினா மேடம் இல்லத்துக்குப் போனார். முதல் ஞாயிறு என்னையும் கூட்டிப்போனார். வாயைத் திறக்கக் கூடாது என்கிற கண்டிஷனோடு. இப்படி ஒரு கண்டிஷனில் நான் எங்கேயும் போனதில்லை.

அவர் கேள்வியே கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். சிக்கல் விழுந்த நூல்கண்டு. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து சிக்கெடுத்தார். பத்து நிமிஷம் கழித்து செல்வியும் ஒரு முனையைப் பிடித்தாள். ஒரு மணி நேரம். எழும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வருவேன்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினேன். ஒரு மணி நேரம் வீணாகிவிட்டதே!

"நான் ஆபரேட்டர் சார். கனெக்‌ஷன் குடுக்கணும். நடுவுல பேசக் கூடாது" என்றார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு அவர் மட்டும் போனார். நூல்கண்டு முக்கால்வாசி பிரிந்தபோது செல்வி தானாகக் கேட்டிருக்கிறாள்:

"புதன்கெழம கோர்ட்டுல... பெரிம்மா வந்துருக்குமா?"

"எந்தப் பெரிம்மா?"

"எங்க பெரிம்மா. எப்பவும் வரும். மரத்தாண்ட குந்திக்கினு இருக்கும். நான் உள்ள போவும்போது பாக்கும். நானும் பாப்பேன்."

அன்று சாயங்காலம் ரெஜினா மேடம் என் வீட்டுக்கு வந்தார். "சார், கோர்ட்டு மரத்தடியில ஒரு அம்மா இருக்குமே... உங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமா? என் குடையைப் பார்த்துக்கொள்கிறவர்!

செல்வி சொன்ன அடையாளத்தை வைத்து, கோலியனூர்ப் பக்கம் விசாரித்துக் கண்டுபிடித்தோம். அஞ்சலை. செல்வியின் அம்மாவுக்கு அக்கா. கழனி வேலைக்குப் போகிறவர். அம்மா இறந்தபின் ஏழு வயதுவரை செல்வி இவரிடம்தான் வளர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்று சித்தப்பா வந்து கூட்டிப்போயிருக்கிறார். பிறகு பார்க்க விடவில்லை.

"கோர்ட்டுக்கு வந்தீங்களே, ஏம்மா உள்ள வரல?" என்று கேட்டேன்.

"டேசன்ல போலீஸ்காரரு சொன்னாருங்க. கோர்ட்டுல பேரு கூப்புடுவாங்க, அப்ப உள்ள போ, கூப்புடாங்காட்டி போவக் கூடாதுன்னாரு. ஒவ்வொரு வாட்டியும் வந்தேன். கூப்புடவே இல்ல."

எப்படிக் கூப்பிடுவார்கள்? இவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. சித்தப்பா சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஐந்து வாய்தா. கோலியனூரிலிருந்து நடந்து வந்து, கூலியை விட்டுவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம்வரை டவாலியின் வாயையே பார்த்துக்கொண்டு... அதற்கு நடுவில் நான் வேறு, குடையைக் கொடுத்து.

"என்னாண்ட சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க பெரிய வக்கீலுன்னு நெனச்சேங்க. ஜல்தியா போவீங்க, ஜல்தியா வருவீங்க. நின்னாத்தானே சொல்றதுக்கு?"

ரெஜினா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே பார்த்தார். கூரை வீடு. ஒரே அறை. மூலையில் மூன்று தட்டு. "செல்வி தட்டு இருக்குதாம்மா?" என்றார்.

அஞ்சலை ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். விளிம்பு நசுங்கியது. "இது அதோட தட்டு. வேற தட்டுல போட்டா துன்னாது. கேப்பைக் களின்னா நடுவுல குழி பண்ணி, அதுல கொழம்பு ஊத்தணும். இல்லன்னா மூஞ்சத் தூக்கிக்கினு குந்திக்கும்."

பிறகு தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பாவாடையை எடுத்தார். பச்சை. ஏழு வயதில் போட்டது. கீழே மூன்று டக் பிடித்துத் தைத்தது — பெண் வளர வளரப் பிரித்துவிடுவதற்காக. இரண்டு டக் பிரிக்கப்பட்டிருந்தது.

"எப்பம்மா பிரிச்சீங்க?"

"மொத வாய்தாவுல ஒண்ணு. கோர்ட்டு படியேறும்போது பாத்தேன், ஒசந்துட்டா. போன வாட்டி இன்னொண்ணு."

தூரத்தில் மரத்தடியிலிருந்து பார்த்த அளவு. எதிரே இருந்த கவுனின் அளவு எனக்குத் தெரியவில்லை.

ரெஜினா மேடம் அன்று எழுதிய ரிப்போர்ட் ஒரு பக்கம். அதில் தட்டு இருந்தது, பாவாடை இருந்தது, சித்தப்பா வீட்டுக் கவுன் இருந்தது, செல்வி சொன்னது அவள் வார்த்தையிலேயே இருந்தது. உவமை ஒன்றுகூட இல்லை. நான் பார்த்து இரண்டு சேர்க்கலாம் என்றேன். பேனாவை மூடி பையில் போட்டுக்கொண்டார்.

போன புதன்கிழமைக்கு வருவோம்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடமிருந்து தப்பித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. வக்கீலும் வெள்ளை வேட்டியுமாக சித்தப்பா தயாராக இருந்தார். மரத்தடியில் அஞ்சலை. இன்று பெயர் கூப்பிடுவார்கள் என்று ரெஜினா மேடம் சொல்லியிருந்தார். முகம் கழுவி, தலை படிய வாரி, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பதற்றத்தில், பழக்க தோஷத்தில்... "குடைய பாத்துக்கம்மா" என்று கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன்.

ஆமாம். அன்றைக்கும்.

மாஜிஸ்திரேட் முன் எழுந்து நின்றேன். மேடையில் பேசியிருக்கிறேன், கைதட்டு வாங்கியிருக்கிறேன். இது வேறு.

"ஐயா, போன தடவ நான் குடுத்த ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏன்?"

"தப்புங்க ஐயா. வீட்டப் பாத்தேன். பொண்ணுக்கு அங்க என்ன இருக்குதுன்னு பாக்கல."

சித்தப்பாவின் வக்கீல் எழுந்தார். "ஐயா, பதினோரு பக்கம் எழுதிட்டு இன்னைக்குத் தப்புன்னா எப்படிங்க? அப்ப இவர் சொல்றதுல எதை நம்பறது?" நியாயமான கேள்வி. என் மனைவியும் அடிக்கடி கேட்பாள்.

மாஜிஸ்திரேட் ரெஜினா மேடத்தின் ஒரு பக்கத்தைப் படித்தார். பிறகு திரும்பவும் படித்தார். "கூலி வேல செய்யற அம்மா. கூரை வீடு. இவங்க கிட்ட எப்படிக் குடுக்கறது?" என்றார்.

"அவங்களையே கேளுங்க ஐயா" என்றார் ரெஜினா மேடம். "அஞ்சு வாய்தாவா வெளியதான் இருக்காங்க. யாரும் கூப்பிடல."

டவாலி வாசலுக்குப் போனார். "அஞ்சலை... அஞ்சலை..." என்றார்.

யாரும் வரவில்லை.

"அஞ்சலை!"

வரவில்லை. சித்தப்பா வக்கீலைப் பார்த்துச் சிரித்தார். செல்வி இல்லத்து வார்டன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு வாசலையே பார்த்தாள். அவள் கை பாவாடையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. ரெஜினா மேடம் எழுந்துவிட்டார். இத்தனை நாள் இந்தப் பெயருக்காகக் காத்திருந்தவர், கூப்பிடும்போது எங்கே போனார்?

காலடிச் சத்தம் கேட்டது. மூச்சிரைக்க உள்ளே வந்தார் அஞ்சலை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து என் குடை.

"மூணு தடவ கூப்பிட்டாச்சு. எங்கம்மா போனீங்க?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இந்தச் சாருதுங்க குடை. பாத்துக்கன்னு சொல்லினு உள்ள வந்துட்டாரு. பேரு கூப்புட்டாங்களா... யாராண்டயாச்சும் குடுத்துட்டு வரலாம்னு பாத்தேன், தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல. அப்படியே போட்டுட்டு வர முடியுங்களா? ஒருத்தரு நம்பிக் குடுத்த பொருளு."

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். விழுப்புரம் கோர்ட்டின் தரை சிமெண்ட்டு. நடுவில் ஒரு விரிசல் உண்டு. அவ்வளவு நேரம் பார்த்தேன்.

"குடைய அவர்கிட்ட குடுங்க" என்றார். கொடுத்தார். பிறகு, "பொண்ணு வந்தா பள்ளிக்கூடம் அனுப்புவீங்களா?"

"வாத்தியாராண்ட பேசிட்டேங்க. எடம் இருக்குதுன்னாரு."

"செல்வி" என்றார் மாஜிஸ்திரேட். வேறொன்றும் கேட்பதற்குள் அவள் நடந்து போய் அஞ்சலையின் பக்கத்தில் நின்றுகொண்டாள். அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. நின்றாள், அவ்வளவுதான். அஞ்சலை குனிந்து அவள் தலை தன் இடுப்புக்கு மேல் எதுவரை வருகிறது என்று கையால் பார்த்துக்கொண்டார். மூன்றாவது டக்கையும் பிரிக்கவேண்டியிருக்கும்.

மத்தியானம் உத்தரவு எழுதினார். செல்வி பெரியம்மாவிடம் இருக்கலாம். ஆறு மாதத்துக்கு மாதம் ஒருமுறை ரெஜினா மேடம் போய்ப் பார்த்து எழுதவேண்டும். அந்த ஆறு மாதத்தில் என்னென்ன வருமோ தெரியாது. மழை வரும், கூரை ஒழுகும், சித்தப்பாகூட வரலாம். ஆனால் ஒன்று தெரியும். பத்து மணிக்கு வருகிறேன் என்று ரெஜினா மேடம் சொன்னால், பத்து மணிக்கு வந்துவிடுவார்.

திரும்பும் பஸ்ஸில், "ரொம்பப் பெரிய காரியம் மேடம்" என்றேன்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். "நான் என்ன சார் பண்ணேன்? லைன்ல ஒருத்தங்க இருந்தாங்க. இந்தப் பக்கம் கனெக்‌ஷன் குடுத்தேன்" என்றார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டார். அன்று சாயங்காலம் அவருக்கு ஷிஃப்ட்.

இந்த ஜில்லாவில் நான் பெரிய மனிதர்கள் பலரோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸில் என் பக்கத்திலேயே ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து வருகிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ லட்டு வாங்கினேன். எதிர் வீட்டுக்காரர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"இன்னா சார்... தீர்ப்பு ஆச்சா? யாருக்கு ஜெயம்?"

"நான் தோத்துட்டேன் சார்" என்றேன். "லட்டு எடுத்துக்குங்க."